வேட்டைக்குப் போன சொல்

புதுச்சேரி கிராமங்களில் 'கொம்யூன்' என்பதை யாரும் பிரெஞ்சுச் சொல்லாக நினைப்பதில்லை. வில்லியனூர் கொம்யூன், பாகூர் கொம்யூன் என்று அது தமிழோடு தமிழாகிவிட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு 'சொல்தா' என்று பெயர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடைப்பட்ட கரிக்கலாம்பாக்கம் வட்டாரத்தில் ஒரு வரப்பு புதுச்சேரியைச் சேர்ந்தது என்றால் சற்றுத் தள்ளி இன்னொரு வரப்பு கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுதந்திரத்துக்கு முன் அந்த எல்லைக்கு இந்தப்புறம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப்புறம் ஆங்கில ஆட்சி.

அந்த நாளில் அங்கே ஒரு வேட்டைநாய் நின்றிருந்தால் அதற்கு எத்தனை பெயர்கள்! பிரெஞ்சு அதிகாரி 'ஷியேன்' என்பார். ஆங்கில அதிகாரி 'ஹவுண்ட்' என்பார். பைரவர் சன்னிதியில் அர்ச்சனை முடித்துவிட்டு வரும் குருக்கள் 'சுவானம்' என்பார். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் 'நாய்' என்று சொல்லிவிட்டு மடையைப் பார்க்கப் போய்விடுவார். இந்த நான்கில் நம்முடைய 'நாய்' மட்டும் தனிக் குடும்பம். மலையாளத்து நாயவும் கன்னடத்து நாயியும் அதன் கூடப் பிறந்தவை. மற்ற மூன்றும், ஒலியில் ஒட்டும் உறவும் இல்லாததுபோலத் தோன்றினாலும், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வெவ்வேறு பாதையில் நடந்துவிட்டு, ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் இந்த வரப்பில் வந்து நின்றவை.

ஹவுண்ட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வருகிறது. நாய்க்குட்டி விற்கிறவர்கள் 'ராஜபாளையம் ஹவுண்ட்' என்று சேர்த்துச் சொல்கிறார்கள். வேட்டைநாய் என்று அதற்குப் பொருள் தெரிந்திருக்கும். அது எப்படி வேட்டைக்குப் போனது, எங்கெல்லாம் சுற்றியது என்பதுதான் சுவையான கதை.

கருங்கடலுக்கு வடக்கே இருந்த புல்வெளிகளில், ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆடுமாடு மேய்த்த மக்கள் பேசிய மொழியிலிருந்து ஐரோப்பாவின் பெரும்பாலான மொழிகளும் வடமொழியும் பிறந்தன என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. அவர்கள் நாய்க்கு வைத்திருந்த பெயர் கிளை கிளையாகப் பிரிந்தது. கிரேக்கத்தில் 'கியோன்' ஆனது. லத்தீனில் 'கானிஸ்', அதிலிருந்து பிரெஞ்சில் 'ஷியேன்'. ஜெர்மானியக் கிளையில் 'ஹுண்ட்', அதிலிருந்து ஆங்கிலத்தில் 'ஹவுண்ட்'. வடமொழியில் 'சுவன்', 'சுனகன்'. ரிக்வேதத்தில் இந்திரனின் மாடுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் சரமை ஒரு பெண் நாய். மோப்பம் பிடித்துப் போகும் வேட்டைநாயின் வேலையைத்தான் அவள் அங்கே செய்கிறாள்.

லத்தீனில் 'க' என்று தொடங்குவது ஆங்கிலத்தில் 'ஹ' என்றும் வடமொழியில் 'ச' என்றும் மாறுவது ஒரு ஒழுங்கோடு நடந்த மாற்றம். கானிஸ், ஹவுண்ட், சுவானம். நூற்றைக் குறிக்கும் கெந்தும், ஹண்ட்ரட், சதம். கொம்பைக் குறிக்கும் கோர்னு, ஹார்ன், சிருங்கம். பாகூர் சாலையில் லாரி அடிக்கும் ஹார்னுக்கும் சிருங்கேரியின் சிருங்கத்துக்கும் மூலம் ஒன்றுதான்.

லத்தீன் நாய் கடலிலும் போனது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள தீவுக்கூட்டத்தில் பெரிய பெரிய நாய்கள் இருந்ததாகக் கேள்விப்பட்ட ரோமானியர்கள் அதற்கு 'கனாரியா' என்று பெயர் வைத்தார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைக் குறித்து வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் கழித்து அந்தத் தீவுகளிலிருந்து ஸ்பானியர்கள் ஒரு பாடும் பறவையைக் கூண்டில் பிடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஊர்ப்பெயரே பெயரானது: கேனரி. கூண்டுக்குள் கீச்சிடும் மஞ்சள் குருவிக்கு நாயின் பெயர் வந்த விதம் இதுதான்.

லத்தீன் நாய் வானத்துக்கும் ஏறியது. இரவு வானில் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸை ஓரியன் என்ற வேட்டைக்காரனின் நாயாகப் பார்த்தார்கள் கிரேக்கர்கள். ரோமானியர்கள் அதை 'கனிக்குலா', குட்டி நாய், என்றார்கள். அது சூரியனோடு சேர்ந்து உதிக்கும் கோடை நாட்கள் 'நாய் நாட்கள்' ஆயின. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் கடும் வெப்ப அலையைக் 'கனிக்யூல்' என்கிறார்கள். நமக்குக் கத்திரி வெயில், அவர்களுக்கு நாய்க்குட்டி வெயில். இந்தியாவில் இதே விண்மீனுக்கு வடமொழி நூல்கள் வைத்த பெயர் மிருகவியாதன், மானை வேட்டையாடுகிறவன். மிருகசீரிடம் மானின் தலை. ஓரியனின் இடுப்புப் பட்டையில் உள்ள மூன்று விண்மீன்கள் அந்த வேடன் விட்ட அம்பு. மேற்கே நாயாகத் தெரிந்தது இங்கே வேடனாகவே தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கத்தாரும் அங்கே வேட்டையைத்தான் பார்த்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமான ஒற்றுமை.

இந்திய வேட்டைநாய்கள் மேற்கே போன கதை இதைவிடச் சுவையானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்: பாபிலோனின் பாரசீக ஆளுநர் ஏராளமான இந்திய நாய்களை வளர்த்தார். அவற்றுக்குத் தீனி போடுவதற்கென்றே நான்கு பெரிய கிராமங்களை ஒதுக்கி, மற்ற வரிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தார். ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த நாய்கள் 'இந்தியன் ஹவுண்ட்ஸ்' ஆகின்றன. கி.மு. 3ஆம் நூற்றாண்டு எகிப்தில் செனோன் என்ற கிரேக்க அதிகாரி டாவ்ரோன் என்ற நாயை வளர்த்தார். செனோன் மீது ஒரு காட்டுப்பன்றி பாய்ந்தபோது டாவ்ரோன் குறுக்கே விழுந்து அதைக் கொன்று, தானும் செத்துப்போனது. அந்த நாய்க்காக எழுதப்பட்ட இரண்டு கல்லறைப் பாடல்கள் பாப்பிரஸ் தாளில் இன்றும் இருக்கின்றன. டாவ்ரோன் ஓர் இந்திய நாய் என்று பாட்டே சொல்கிறது.

எஜமானுக்காகச் செத்த நாயைப் பெயர் சொல்லி எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடமும் இருந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் ஆநிரை காக்கும் சண்டையில் விழுந்துவிட்டான். அவன் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. கல்லில் வில்லேந்திய வீரனுக்குப் பின்னால் அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன். பல்லவ நாட்டு ஊர்த்தலைவர்கள் எத்தனையோ பேரின் பெயர் மண்ணோடு போய்விட்டது. ஒரு நாயின் பெயர் 1,300 ஆண்டுகள் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது, அதைச் செதுக்கச் சொன்ன ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் 'ஹுண்ட்' என்றால் எந்த நாயும்தான். வீட்டைக் காக்கும் நாய், ஆடு மேய்க்கும் நாய், தெருவில் திரிவது எல்லாம் ஹுண்ட். 'டாக்' என்ற சொல் எங்கோ மூலையில் கிடந்தது. பழைய ஆங்கில எழுத்துகளில் அது மிக அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறது. அதன் பிறப்பு இன்றுவரை துலங்கவில்லை.

1066இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வேட்டை மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரிய கலையானது. காடுகள் அரசன் சொத்தாயின. காட்டோரத்துக் குடியானவன் வீட்டு நாய் மானைத் துரத்திவிடக் கூடாதே என்பதற்காக, அதன் முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. 1217ஆம் ஆண்டின் காட்டுச் சாசனம் இதை எப்படிச் செய்ய வேண்டும் என்று வரையறுக்கிறது: மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு நடக்கும், நகம் வெட்டப்படாத நாய் அகப்பட்டால் அதன் சொந்தக்காரர் 3 ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும். ஒரு பக்கம் நொண்டும் ஏழை வீட்டு நாய், இன்னொரு பக்கம் பணியாள் வைத்துப் பராமரிக்கப்படும் பிரபுவின் வேட்டைநாய். அடுத்த சில நூற்றாண்டுகளில் சொல்லும் இதே கோட்டில் பிரிந்தது. ஹவுண்ட் என்பது வேட்டைநாய்க்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. மூலையில் கிடந்த டாக் எழுந்துவந்து, 16ஆம் நூற்றாண்டுக்குள் எல்லா நாய்க்கும் பொதுப் பெயராகிவிட்டது.

வேட்டைச் சொற்களில் பாதி பிரெஞ்சிலிருந்து எடுத்தவை. பிரான்சின் தெற்கே ஃபுவா என்ற நாட்டின் பிரபு காஸ்தோன் ஃபெபூஸ் 1387இல் வேட்டையைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதத் தொடங்கினார். வேட்டைநாய்களோடு இருந்து வேலை பழகும் சிறுவன் அவற்றின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்திருக்க வேண்டும் என்பது வரை அதில் விவரம் இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து யார்க் கோமகன் எட்வர்ட் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, ஐந்து அத்தியாயங்களை மட்டும் தான் சேர்த்து 'மாஸ்டர் ஆஃப் கேம்' என்ற நூலாக்கினார். ஆங்கிலத்தின் மிகப் பழைய வேட்டை நூல் என்று கொண்டாடப்படுவது இந்த நகல்தான். பிரெஞ்சுக்காரரைப் பார்த்து எழுதிய எட்வர்ட், 1415இல் அசின்கோர்ட் போரில் பிரெஞ்சுக்காரரோடு சண்டையிட்டு மாண்டார்.

குதிரையில் விரைந்தபடி ஆங்கிலேயர் எழுப்பும் 'டேலி-ஹோ' கூச்சல் பிரெஞ்சு வேட்டைக்காரரின் 'தாயோ'. நாய் அடைக்கும் கொட்டடியான 'கென்னல்' என்ற சொல்லும் நார்மன் பிரெஞ்சு வழி வந்த கானிஸ்தான். சென்னையில் மெட்ராஸ் கேனைன் கிளப் நடத்தும் கண்காட்சிக்கு ஒருவர் கென்னலிலிருந்து ஒரு ஹவுண்டைக் கூட்டி வந்தால், கேனைன், கென்னல், ஹவுண்ட் மூன்றும் ஒரே சொல்லின் மூன்று முகங்கள்.

இனி கடற்பயணம். 1615இல் ஜஹாங்கீர் அரசவைக்குத் தூதராக வந்த சர் தாமஸ் ரோ வணிக உரிமை கேட்டார். பாதுஷாவுக்கு ஆங்கில நாய்கள் மேல் ஆசை. கப்பலில் ஏற்றிய மாஸ்டிஃப் நாய்களில் இரண்டுதான் உயிரோடு வந்து சேர்ந்ததாக ரோவின் பாதிரியார் எட்வர்ட் டெர்ரி எழுதியிருக்கிறார். வழியில் அவற்றில் ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, ஒரு யானையின் தும்பிக்கையைக் கவ்விவிட்டது. இதைக் கேட்ட ஜஹாங்கீருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஒவ்வொரு நாய்க்கும் நான்கு பணியாட்களை வைத்தார். இரண்டு பேர் பல்லக்கு சுமக்க, இரண்டு பேர் விசிறி வீச. தன் கையாலேயே ஊட்டுவதற்கு வெள்ளி இடுக்கி ஒன்றும் செய்யச் சொன்னார். மாஸ்டிஃப் பன்றி, காளை போன்றவற்றோடு மோதும் பெருநாய், ஆங்கிலக் கணக்கில் ஹவுண்ட் வகையில் சேராது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாய்கள் இந்த மண்ணில் கால் வைத்தது பல்லக்கில்தான் என்பது நினைவில் நிற்கும் செய்தி.

அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னிந்தியாவுக்காக அடித்துக்கொண்டார்கள். 1752இல் பாகூரில் நடந்த போரில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை வென்றது. நெல் வயல்களுக்கு நடுவே ஹவுண்டும் ஷியேனும் பீரங்கியோடு சந்தித்த நாள் அது. இரண்டு சொல்லும் உறவு என்று அன்று அங்கே நின்ற ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அந்த உறவை முதலில் மோப்பம் பிடித்தவர்களில் ஒருவர் இந்தப் புதுச்சேரியோடு சம்பந்தப்பட்டவர். காஸ்தோன் லொரான் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் பல ஆண்டுகள் தெலுங்கு நாட்டில் பணியாற்றி, புதுச்சேரியில் வாழ்ந்து, 1779இல் அங்கேயே காலமானார். வடமொழியிலும் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இத்தனை சொற்கள் ஒத்துப்போவது எப்படி என்று கேட்டு, சொல் பட்டியலோடு 1767இல் பாரிஸ் கல்விக்கழகத்துக்கு எழுதி அனுப்பினார். கடிதம் பெட்டியில் தூங்கியது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதே கருத்தைச் சொன்ன சொற்பொழிவு உலகப் புகழ் பெற்றது. கேர்தூவின் கடிதம் அச்சேறியது 1808இல், அவர் இறந்து 29 ஆண்டு கழித்து. புகழ் கல்கத்தாவுக்குப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. தமிழும் தெலுங்கும் இந்தக் குடும்பத்தில் சேராத தனிக்குலம் என்பதை 1816இல் சென்னையில் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எடுத்துக்காட்டினார். சுவானத்தை ஹவுண்டோடு சேர்த்ததிலும் நாயைத் தனியே நிறுத்தியதிலும் தென்னாட்டில் இருந்து எழுதியவர்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

கம்பெனிக்காரர்கள் ஊரைப் பிடித்தபின் வேட்டையும் வந்தது. இங்கிலாந்தில் நரி துரத்திய ஃபாக்ஸ்ஹவுண்டுகளைக் கப்பலேற்றினார்கள். சமவெளி வெயில் அவற்றுக்குத் தாங்கவில்லை. நீலகிரியில்தான் அவை கொஞ்சம் மூச்சு விட்டன. ஊட்டியின் வென்லாக் புல்வெளிகளில் குதிரையும் நாய்களுமாகத் திரிந்த 'ஊட்டி ஹண்ட்' குழு, ஆங்கில நரிக்குப் பதிலாக நம் ஊர்க் குள்ளநரியைத் துரத்தியது. ஃபாக்ஸ்ஹவுண்டுக்கு வசதி இல்லாத இளம் அதிகாரிகள் கையில் அகப்பட்ட நாட்டுநாய், கலப்பு நாய் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கூட்டத்துக்கு 'பாபரி பேக்' என்று பெயர். இந்திக்காரர் வியப்பில் கூவும் 'பாப் ரே' என்பதே அந்தப் பாபரி. இதைப் பதிவு செய்திருப்பது 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

அதே அகராதியில் நம் நாய்க்கும் ஓர் இடம் உண்டு: 'போலிகர் டாக்'. போலிகர் என்றால் பாளையக்காரர். கட்டபொம்மனை 1799இல் கயத்தாறில் தூக்கிலிட்டவர்களும் மருது சகோதரர்களை 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டவர்களும் உச்சரித்த சொல் அது. பாளையங்களை அழித்தார்கள். பாளையத்து நாய்க்கு மட்டும் பாளையக்காரர் பெயரை விட்டு வைத்தார்கள்.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். பிரபுவின் நாய்க்கு ஹவுண்ட் என்று மரியாதை கொடுத்த ஆங்கிலம், நம் தெருக்களில் வாழ்ந்த நாட்டுநாய்க்குத் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றின் பெயரை எடுத்து வைத்தது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த பெயர் அது. சாதியின் இழிவை நம்மிடமிருந்தே கற்று, அதை நாயின் மேல் ஏற்றி, உலகமெங்கும் அனுப்பிவைத்தார்கள். இன்றும் சில நாய் நூல்களில் அந்தப் பெயர் நிற்கிறது. 'நாட்டு நாய்' என்ற நல்ல சொல் இருக்கும்போது அதைப் பயன்படுத்த ஒரு காரணமும் இல்லை.

ஹவுண்ட் அதற்குள் நாயை விட்டே வெளியே வந்துவிட்டது. ஆங்கிலப் பள்ளிகளில் 'முயலும் ஹவுண்டும்' என்றொரு விளையாட்டு. முயலாக ஓடும் மாணவன் காகிதத் துண்டுகளைச் சிதறவிட்டுப் போவான், ஹவுண்டுகளாக மற்றவர்கள் தடம் பார்த்துத் துரத்துவார்கள். இன்றைய கிராஸ் கன்ட்ரி ஓட்டப்பந்தயம் இதில் முளைத்தது. 1938இல் கோலாலம்பூரில் கிஸ்பெர்ட் என்ற கணக்காயரும் நண்பர்களும் இதையே வாராந்தர ஓட்டமாக நடத்தத் தொடங்கி, 'ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஹேரியர் என்பது முயல் பிடிக்கும் ஹவுண்ட். கிஸ்பெர்ட் 1942இல் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். ரப்பர் தோட்டங்களினூடே பிறந்த அந்த ஓட்டம் இன்று உலகெங்கும் நகரத்துக்கு நகரம் நடக்கிறது.

அமெரிக்காவில் ஹவுண்ட் பஸ்ஸில் ஏறியது. 1914இல் மின்னசோட்டா மாநிலத்தின் ஹிப்பிங் என்ற சுரங்க ஊரில் சுவீடனிலிருந்து குடியேறிய கார்ல் விக்மன், தொழிலாளர்களை 15 சென்ட் வாங்கிக்கொண்டு காரில் ஏற்றி இறக்கினார். அது வளர்ந்து நாடு முழுக்க ஓடும் 'கிரேஹவுண்ட்' பஸ் நிறுவனமானது. கிரேஹவுண்டின் 'கிரே' சாம்பல் நிறத்தைக் குறிக்காது. பழைய ஆங்கிலத்தில் 'கிரிக்ஹுண்ட்' என்று இருந்தது, நிறத்தோடு சம்பந்தமில்லாத முன்னொட்டு. 1919இல் கலிபோர்னியாவில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை வட்டப் பாதையில் ஓடவிட்டு கிரேஹவுண்ட் பந்தயம் நடத்தினார். வேட்டையில் இருந்து முயலை எடுத்துவிட்டுச் சூதாட்டத்தை வைத்த வியாபாரம் அது.

ஐதராபாத்தில் 1989இல் கே.எஸ். வியாஸ் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி நக்சலைட்டுகளைத் தேடிக் காட்டுக்குள் போகும் சிறப்புக் காவல் படையை அமைத்தபோது வைத்த பெயரும் 'கிரேஹவுண்ட்ஸ்'தான். 1993இல் வியாஸ் நக்சலைட்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹவுண்ட் பாடலிலும் நுழைந்தது. கறுப்பினப் பாடகி வில்லி மே தார்ன்டன் 1952இல் பதிவு செய்து, 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடிப் பெரும்பணம் குவித்த பாட்டின் தலைப்பு 'ஹவுண்ட் டாக்'. ஆதியில் நாய் என்றும் இன்றைக்கு நாய் என்றும் பொருள்படும் இரண்டு சொற்களை அடுக்கியது, நம் ஊர் 'நடு சென்டர்' போல. ஜெர்மனியிலிருந்து வந்த டாக்ஸ்ஹுண்டையும் ஆங்கிலேயர்கள் ஹவுண்ட் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் ஹுண்ட் இன்னும் எல்லா நாய்க்கும் பொதுப் பெயர்தான்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தக்காணத்தில் கிராமத்தார் 'கர்வானி' என்று அழைத்த ஒல்லியான வேட்டைநாய் உண்டு. மேற்காசியாவிலிருந்து வணிகச் சாத்துகளோடு நடந்து வந்தது என்பது பெயர்க்காரணம். முதோல் சமஸ்தானத்து ராஜா மாலோஜிராவ் கோர்படே அதில் ஒரு ஜோடியை ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசளித்தார். அதன்பின் அது 'முதோல் ஹவுண்ட்' என்று புகழ் பெற்றது. கால்நடையாக வந்த நாய்க்கு அரண்மனை வழியாக ஆங்கிலப் பட்டம் கிடைத்த கதை. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராம்பூர் ஹவுண்டும் முதோல் ஹவுண்டும் ராஜபாளையமும் இமாலய மேய்ப்பு நாயும் இருந்தன.

தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையால் துரத்தும் வேட்டைநாய்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் இவற்றின் உடம்பே ஓட்டத்துக்கென்று செய்தது தெரியும். நீண்டு குறுகிய முகம், கீழே இறங்கிய ஆழமான நெஞ்சு, அதற்குப் பின் முதுகோடு ஒட்டிப்போன வயிறு, சாட்டை போன்ற வால். முழு வேகத்தில் ஓடும்போது ஒரே பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நான்கு கால்களும் தரையை விட்டு மேலே இருக்கும். உடம்பு சுருங்கும்போது ஒருமுறை, விரியும்போது ஒருமுறை. காலிப் பொட்டலில் கூடத் திரும்பித் திரும்பி ஓடும் முயலைக் கண்ணிலிருந்து விடாமல் வளைக்கும் நாய் அது. கருங்கன்னி, செங்கன்னி என்று கரிசல்காட்டில் நிறம் வைத்துப் பேர் சொல்வார்கள்.

இந்த நாய்களை அயல்நாட்டு இனங்களுக்குக் கீழாக நினைத்த காலம் நெடுநாள் நீடித்தது. சென்னை சைதாப்பேட்டையில் தமிழக அரசின் நாய் இனப்பெருக்க மையம் இவற்றைக் காப்பாற்றி வளர்த்தது. எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் இவற்றைப் பற்றி விடாமல் எழுதினார்கள். 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனம் முதன்முறையாக நாயினங்களைப் பதிவு செய்தபோது மூன்று பெயர்கள் ஏறின: ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஹவுண்ட். தமிழ்நாட்டு நாய்கள் இரண்டும் தங்கள் ஊர்ப்பெயரோடு மட்டுமே ஏறியிருக்கின்றன. அது சரி. ஒரு ஊரின் மண்ணில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நாய்க்கு அந்த ஊரின் பெயரைவிடப் பெரிய பட்டம் கிடையாது. விற்பனை விளம்பரத்தில் 'ஹவுண்ட்' சேர்த்தால் விலை ஏறலாம், நாய்க்கு ஒன்றும் கூடாது.

இப்போது புதுச்சேரிப் பக்கத்து வீடுகளிலும் சிப்பிப்பாறைக் குட்டிகள் வாங்குகிறார்கள். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அதைச் செய்யவே கூடாது. ஆனால் நாயின் கால்களுக்குச் சட்டம் தெரியாது, தினமும் முழு வேகத்தில் ஓடியே தீர வேண்டும். வேலி அடைத்த அறுவடை வயலோ தோப்போ உங்களிடம் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கட்டிவைக்கத்தான் இடம் என்றால் வாங்காதீர்கள்.